ஐந்து கோப்பைத் திராட்சைச் சாறு

மூன்றாவது கோப்பைத் திராட்சைச் சாறு வந்தபோது சீதாராமனுக்கு அழுகை வரும்போல இருந்தது.

மேஜையில் எல்லோர் முன்னாலும் லெபனான் ஒயின். அவர் முன்னால் மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் குடிக்கிற வஸ்து. உறிஞ்சுகுழாய் வேறு.

எல்லாம் ஆபீஸின் வெள்ளைக்கார மேலாளரால் வந்த வினை. வருஷா வருஷம் மார்ச் மாதத்தில் துபாய் ஓட்டலில் ஒயின் செய்கிறவரையே அழைத்துவந்து விருந்து வைப்பார்கள். கம்பெனிக்கு ஒரு மேஜை. இதுவரை ஆண்கள் மட்டும் போய்வந்த இடம். இந்த இரண்டாயிரத்து ஏழில் அவருக்கு என்ன தோன்றியதோ, மனைவியோடுதான் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

பக்கத்து நாற்காலியில் பத்மா, பட்டுப்புடவையில்.

ஒன்பது வருஷத்துக்கு முன் ஷார்ஜா விமான நிலையத்தில் வந்து இறங்கியதும் பத்மா சொன்ன முதல் வாக்கியம் இது: “ஒரு சொட்டு தொட்டேள்னு தெரிஞ்சுதோ, அடுத்த ஃப்ளைட்ல திருச்சிக்குப் போயிடுவேன்.”

அன்றிலிருந்து ஷார்ஜா சாலை நெரிசலைத் திட்டாத ஒரே மனிதர் அமீரகத்திலேயே சீதாராமன்தான். துபாயிலிருந்து வீடு சேர இரண்டு மணி நேரம். டாக்ஸி ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டு, அந்த அனல் காற்றில் வாயைத் திறந்துகொண்டே வருவார். “பாய், ஷீஷா பந்த் கரோ!” என்று, கண்ணாடியை ஏற்றச் சொல்லி, பெஷாவர் ஓட்டுநர்கள் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போனார்கள். பக்கத்துக் கார்க்காரர் ஒருவர், யாரோ பெரிய பாடகர் சாதகம் செய்கிறார் என்று கையெழுத்துக் கேட்டதும் உண்டு. வீட்டு வாசலை மிதிக்கும்போது அவர் வாயில் ஒயின் வாசனை என்ன, எச்சில்கூட மிச்சமிருக்காது; தாமதத்துக்கு ஒரு காரணம் மட்டும் தயாராக இருக்கும்.

அப்படிக் காப்பாற்றிய ஒன்பது வருஷம். இன்றைக்கு ஒரு ராத்திரியில் போய்விடக் கூடாது.

பரிமாறுகிற லுக்மான் கீழக்கரைக்காரன். அத்தனை வருஷமும் அவருக்கு ஊற்றிக் கொடுத்தவன். தான் ஒரு சொட்டும் தொடாதவன். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே என்று மத்தியானமே போன் செய்து சொல்லியாகிவிட்டது. அவன் அதைக் கொஞ்சம் அதிகமாகவே மனசில் வாங்கிக்கொண்டான்.

“சார் நம்ம ஓட்டலுக்கு இதான் மொத தடவையாக்கும்?”

“நாலாவது வாட்டி கேக்கறேப்பா. ஆமாம்.”

“பாத்தாலே தெரியுது சார்.”

மேலாளர் வேறு விடவில்லை. ஒவ்வொரு கோப்பைக்கும் இவர் பக்கம் திரும்பி, இதில் எரிந்த கட்டை வாசம் வருகிறதா, நீ சொன்னால்தான் சரி என்றார். வந்தது. மேஜைக்கு இந்தப் பக்கம் வரைக்கும் வந்தது. சீதாராமன் குழாயைக் கடித்துக்கொண்டு, எனக்கென்ன தெரியும் என்றார்.

ஒயின் செய்த லெபனான்காரர் பாட்டிலுக்கு இருபது நிமிஷம் பேசினார். எந்தச் சரிவு, என்ன மண், எந்த ஆடு எந்தக் கொடியைக் கடித்தது. முதல் நான்கும் இந்த ஓட்டலில் வருஷக்கணக்காகக் கிடைப்பவை. ஐந்தாவது இந்த வசந்தத்துக்கு என்று வெளியிட்டது, நேற்றுதான் விமானத்தில் வந்து இறங்கியது, விலையும் சகாயம். அந்த ஐந்தாவதற்காகச் சீதாராமன் ஒரு மாதமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தார்.

அது வந்தது. கூடவே அவருக்கு ஐந்தாவது திராட்சைச் சாறும் வந்தது.

பத்மா எதையும் குடிக்கவில்லை. “மோந்து பாக்கறதுல என்ன பாவம்?” என்று ஒவ்வொரு கோப்பையையும் மூக்கருகே கொண்டுபோவாள். கண்ணை மூடுவாள். பிறகு தன் முன்னால் வைத்திருந்த அட்டையில், கையால் மறைத்துக்கொண்டு, ஏதோ எழுதுவாள். எல்லோருக்கும் அப்படி ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு வாசனையும் எதை நினைவுபடுத்துகிறதோ அதை எழுத வேண்டும். அவரவர் மொழியிலேயே எழுதலாம்.

புளிக்காய்ச்சல், ஊறுகாய் என்று எழுதி மானத்தை வாங்கப் போகிறாள் என்று சீதாராமன் பல்லைக் கடித்தார்.

லெபனான்காரர் அட்டைகளை வாங்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். பத்மாவின் அட்டையில் வட்ட வட்டமான எழுத்தைக் கண்டதும் அசந்து நின்றார். இது என்ன மொழி, யாருக்குப் படிக்கத் தெரியும்?

சீதாராமன் கை நீட்டுவதற்குள் பத்மா லுக்மானைக் காட்டினாள். அவனைக் கூப்பிட்டார்கள்.

லுக்மான் படித்தான். மறுபடி படித்தான். கூரையில் தொங்கிய விளக்கைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு ஆங்கிலத்தில், மேடத்துக்குத் தன் வீட்டு ஞாபகம் வருகிறதாம் என்றான்.

லெபனான்காரர் நெஞ்சில் கைவைத்துத் தலை குனிந்தார். மேலாளர் கைதட்டினார். பத்மா பவ்யமாகச் சிரித்தாள்.

லுக்மான் அட்டையைச் சீதாராமன் முன்னால் கவிழ்த்து வைத்துவிட்டு, முதல் தடவையாக, ஒன்றும் கேட்காமல் போனான்.

அவர் திருப்பிப் பார்த்தார்.

ஒன்று: ஆடிட்டிங், பதினோரு மணி.

இரண்டு: டாக்ஸி டயர் பஞ்சர்.

மூன்று: ஆபீஸ் சேதுமாதவனோட மாமியார் காலமானது. இரண்டாம் தடவை.

நான்கு: நம்ம கல்யாண நாள்.

ஐந்து: இது புதுசு. இன்னும் நம்மாத்துக்கு வரலை.