பட்டினி கிடந்த இதயம்

அறுவை மேசையில் ஓர் இதயம் ரத்தக்குழாய் அடைத்துப் பட்டினி கிடந்தது. அடைப்புக்கு இந்தப் பக்கம் ரத்தம் தவித்துக்கொண்டிருந்தது.

"வழி திறக்கட்டும், ஒரே பாய்ச்சலாகப் போய்விடுகிறேன்" என்றது.

"பதறாதே அண்ணே" என்றது இதயத்துக்குள் ஏற்கெனவே பரவியிருந்த மயக்க மருந்து. "பசித்துக் கிடந்த இடத்தில் நீ பாய்ந்தால் அதுவே காயமாகிவிடும்."

ரத்தத்துக்குக் கோபம் வந்தது. "உயிர் கொடுக்கிற நானா காயப்படுத்துவேன்?"

"நீ வந்த வேகத்திலேயே செத்துப்போன செல்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இங்கிருக்கும் செல்களைக் கொஞ்சம் அடங்கியிருக்கச் சொல்லியிருக்கிறேன். அப்படியும் எல்லாரும் பிழைப்பார்களா, தெரியாது."

அதற்குள் மருத்துவர் அடைப்பை நீக்கிவிட்டார். பிறந்ததிலிருந்து யாரிடமும் அனுமதி கேட்டறியாத ரத்தம், வாசலில் தயங்கி, "வரட்டுமா?" என்று கேட்டது.

இதயம் ஒருமுறை நடுங்கியது. பிறகு மெல்லத் துடித்தது.