அவன் கொடுத்த சாவி

பழைய பொம்மைகளைத் தேடித்தேடிச் சேர்க்கும் தவசீலன், ஓட்டிப் பார்க்காமல் எதையும் வாங்கமாட்டான். இந்தத் தகரக் குரங்குக்கு ஏற்கெனவே முழுச் சாவி கொடுத்திருந்தது. மேளத்துக்கு மேலே தூக்கிய கைகளை முதுகிலிருந்த சிறு கொக்கி பிடித்து நிறுத்தியிருந்தது.

"கொக்கிய எடுத்துடாதீங்க சார்," என்றாள் பங்கஜவல்லி. "எம் பையன் கொடுத்த சாவி. அதுக்குள்ள ஸ்கூல் வேன் வந்துடுச்சு. போனவன் திரும்பல."

"அப்புறம் ஏம்மா விக்கறீங்க?"

"இங்கயே இருந்தா, என்னைக்காவது நானே எடுத்துடுவேன்."

முதல்முறையாக ஓட்டிப் பார்க்காமலே வாங்கினான். துண்டில் சுற்றி, குழந்தையைப்போல் மார்போடு அணைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினான். கடைசிப் படியில் கால் இடறியது.

துண்டுக்குள் மேளம் அடிக்கத் தொடங்கியது. அவன் விரல்கள் பதறிக் கொக்கியைத் தேடின. பின்னால், சாத்திக்கொண்டிருந்த கதவு பாதியில் நின்றது.