நடந்து போகிறவன்

"மூணு நாளா ஒரு கிழவன் இந்த ரோட்டுல நடந்து போறான், ஆபீசர்! கடைக்கே ஏழு மைல். இங்க எவனாவது நடப்பானா?" என்று வாசலிலேயே பொரிந்து தள்ளினாள் லொரெட்டா.

"நடக்கிறது குத்தமில்லையே, மேடம்" என்றார் போலீஸ்காரர்.

"நேத்து என்னைப் பார்த்துக் கை வேற ஆட்டினான். என்ன திமிரு! கதவைப் படார்னு சாத்திட்டேன். அரை மைல் தள்ளி அடுத்த வீட்டுல வெர்னன் இருக்கார், தங்கமான மனுஷன். பதினெட்டு வருஷமா தினமும் சிவப்பு டிரக்குல போறப்போ கை காட்டுவார், நானும் காட்டுவேன். இந்த வாரம் அந்த டிரக்கையே காணோம். இந்தக் கிழவன் அவரை ஏதாவது பண்ணிட்டானோ என்னவோ!"

போலீஸ்காரர் தன் காரின் பின்கதவைத் திறந்தார். வழியில் ஏற்றிக்கொண்டு வந்த அந்தக் கிழவர் பால் கேனும் ரொட்டியுமாக இறங்கினார். லொரெட்டா இரண்டடி பின்வாங்கினாள்.

"மயக்கம் வருதுன்னு என் லைசென்ஸைப் பிடுங்கிட்டாங்க. டிரக்கை வித்துட்டேன்." கோபத்தில் அவர் குரல் உயர்ந்தது. "நான்தான் வெர்னன். பதினெட்டு வருஷமா நீ கை காட்டினது எனக்கா, அந்த டிரக்குக்கா?"