ஜன்னல் தாண்டும் வரை

எதிர்வீட்டுக்காரர் இன்றைக்கும் காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத கார். விடிந்தும் விடியாத பனியில், சத்தமே இல்லாமல், தூக்கத்தில் நடப்பதுபோல எங்கள் வாசலைத் தாண்டிப் போகும். தெருமுனைக்குப் போன பிறகுதான் ஸ்டார்ட் செய்வார்.

"மிதக்குற கார் வந்துடுச்சுப்பா" என்பாள் என் மகள், கண்ணைத் திறக்காமலே.

தெருப்பக்கத்து ஜன்னலோரம்தான் அவள் கட்டில். காலையானால் போதும், இருமலும் மூச்சிழுப்பும் வந்துவிடும். இரண்டு டாக்டர் மாற்றியாச்சு. காலையில் மட்டும் ஏன் என்று யாருக்கும் பிடிபடவில்லை. எனக்கும் அவள் அம்மாவுக்கும் பொழுது விடிவதே பயமாகிவிட்டது.

எதிர்வீட்டுக்காரருக்கு நான் வைத்த பெயர் 'தள்ளுவண்டி'. எச்சில் கையால் காக்கா ஓட்டாத மனுஷன், அரை ஸ்பூன் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறார் என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நான் அப்படியில்லை. வண்டியை மதிக்கத் தெரிந்தவன். தினமும் பத்து நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டு, சூடான பிறகுதான் எடுப்பேன்.

இன்றும் ஓடவிட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன சார், பெட்ரோல் விலை ரொம்பத்தான் படுத்துதோ?"

நின்றார். கோபப்படவில்லை. கார் கம்பெனியில் புகையை அளக்கிற வேலையாம் அவருக்கு. இந்தக் காலத்து இன்ஜினில் பெட்ரோலை நேராக உள்ளேயே பீய்ச்சுகிறார்களாம். இன்ஜின் குளிர்ந்து கிடந்தால் அது சரியாக எரியாமல், கண்ணுக்கே தெரியாத கரித்தூளாக வெளியே வருமாம். வடிகட்டி வைத்து, பீய்ச்சுகிற விதத்தை மாற்றி, எவ்வளவோ குறைத்துவிட்டார்களாம்.

"ஸ்டார்ட் பண்ணின முதல் ஒண்ணு ரெண்டு நிமிஷம்தான் சார் இன்னும் எங்க கைக்கு அடங்கல" என்றார். அவருக்கு மூச்சு வாங்கியது. "பாப்பா இருமுறது எங்க வீடு வரைக்கும் கேக்குது. அதான், அவ ஜன்னலைத் தாண்டுற வரைக்கும் தள்ளிடறேன்."

என் காரை ஒரு தடவை பார்த்தார். பிறகு குனிந்து தள்ள ஆரம்பித்தார். கார் பனிக்குள் மிதந்து மறைந்தது.

உள்ளே மகள் இரும ஆரம்பித்தாள்.

அவள் ஜன்னலுக்கு நேர் கீழே, என் கார் சூடாகிக்கொண்டிருந்தது.