இருபத்துநான்காவது ஜந்து

குகை வாசலில் மனைவி குணவதி நிறுத்தியிருந்த பொம்மையைப் பரமநாதன் ஓர் அடி உள்ளே நகர்த்தினான்.

திரை இருண்டது.

இருபத்தாறு நாளாக அவன் அந்த விளையாட்டைப் போட்டுப் பார்க்கிறான். பொம்மை வாசலில் நிற்கும். நிற்பதைப் பார்த்துவிட்டு அணைத்துவிடுவான்.

இன்று வேறு வழியில்லை. கொம்தார் கட்டடத்தில் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் யூசுப் காலையில் அதன் திருகாணியைக் கழற்றிப் பார்த்துவிட்டான்.

"உள்ள இருக்கிற பேட்டரி போகப்போகுது அண்ணே. மாத்தித் தர்றேன். ஆனா அக்கா வெளையாடினது எல்லாம் அழிஞ்சிரும். அப்படியே விட்டாலும் ரெண்டு நாள் தாங்கினா பெருசு."

கைக்குள் அடங்கும் ஜப்பான் விளையாட்டு அது. காடு மேடெல்லாம் அலைந்து விசித்திர ஜந்துகளைப் பிடித்து, பேர் வைத்து வளர்க்க வேண்டும். எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. குணவதிக்கு அது ஒரு பொருட்டில்லை. பிறை என்ற ஊரில் ஜப்பான்காரன் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். படிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பரமநாதனுக்காக ஒரு தாளில் அட்டவணை போட்டுக் குளிர்பெட்டியில் ஒட்டியிருந்தாள். இந்தப் பக்கம் ஜப்பான் எழுத்து, அந்தப் பக்கம் அதன் தமிழ்.

கதையை முடிக்க இந்தக் குகைக்குள் போகவே வேண்டியதில்லை. அவள் கதையை எப்போதோ முடித்துவிட்டாள். ஆனால் குகையின் அடியில் ஒரு ஜந்து இருக்கிறது. விளையாட்டு முழுவதிலும் அது ஒன்றே ஒன்று. பிடித்துவிட்டால் அந்த இடம் காலி.

பிடித்ததற்கெல்லாம் அவளே பேர் வைப்பாள். கொழுத்த ஒன்றுக்குத் தன் சூப்பர்வைசர் பேர். முள் வைத்த ஒன்றுக்கு டுரியான். அவன் பேர் மட்டும் எதற்கும் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தவளிடம் அதைக் கேட்டான். சிரித்தாள்.

"உங்க பேரு ரயில் மாதிரி நீளம்லா. அஞ்சு எழுத்துக்குள்ள எங்க அடங்கும்? சரி, குகையில இருக்கிறதுக்கு எப்படியாவது வைக்கிறேன். இதுவரைக்கும் இருபத்துமூணு பிடிச்சாச்சு. வீட்டுக்கு வந்ததும் ரெண்டு பேரும் சேந்து போய்ப் பிடிப்போம்."

பிறகு வழக்கமான கேள்வி. சாப்டீங்களா?

ஆமாம் என்றான். அந்தப் பத்து நாளும் அவன் அவளிடம் சொன்ன ஒரே பொய் அதுதான்.

அவள் வீட்டுக்கு வரவில்லை. அவளுடைய பை வந்தது. பைக்குள் இது இருந்தது.

கதவு தட்டப்பட்டது. யோகம்மா மாமி, குணவதியின் அம்மா. கையில் அடுக்குச் சட்டி. நேற்றைய அடுக்கைத் தூக்கிப் பார்த்தார். கனம் குறையவில்லை.

"தம்பி, இதும் அப்படியே கிடக்கு. அவளுக்காகவாவது ஒரு வாய் வையுங்கோ."

சரி மாமி என்றான். அவர் புதியதை வைத்துவிட்டுப் பழையதை எடுத்துக்கொண்டு போனார். படியிறங்கும் சத்தம் கீழ்மாடி வரை கேட்டது.

அவன் குகைக்குத் திரும்பினான்.

நினைத்த அளவு கஷ்டமாக இல்லை. பெரிய பாறைகள் ஓரமாகக் கிடந்தன. வழியில் இருந்த பெட்டிகளெல்லாம் திறந்தே இருந்தன. இந்த மாதிரி விளையாட்டுகள் இப்படித்தான் போலும் என்று நினைத்துக்கொண்டான். இதற்கு முன் அவன் எதையும் விளையாடியதில்லை.

ஒரு படிக்கட்டு. இன்னொரு படிக்கட்டு. அவள் ஆசைப்பட்டது இது ஒன்றுதான். அழிவதற்குள் இதையாவது பிடித்துவிட வேண்டும்.

கடைசி அறை.

நடுவில் ஒரு மேடை. சுற்றிலும் தண்ணீர்.

மேடையில் ஒன்றும் இல்லை.

பொம்மையை நாலு பக்கமும் நடத்தினான். சுவரில் முட்டவிட்டான். பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தான். மேடை காலியாகவே இருந்தது.

நெடுநேரம் கழித்துத்தான் ஒதுக்கப்பட்டிருந்த பாறைகளும் திறந்திருந்த பெட்டிகளும் நினைவுக்கு வந்தன.

அவன் குளிக்க வீட்டுக்கு வந்துபோன ஏதோ ஒரு சாயங்காலம். அல்லது கீழே தேத்தண்ணி வாங்கப் போன அரை மணி நேரம். அவள் தனியாக உள்ளே போயிருக்கிறாள். பிறகு அத்தனை படியும் ஏறித் திரும்பி வந்து, வாசலில் ஒன்றும் தெரியாதவள் போல் நின்றிருக்கிறாள்.

பிடித்த ஜந்துகளின் பட்டியலைத் திறந்தான். எண்ணிக்கொண்டே இறங்கினான்.

இருபத்துநான்கு.

கடைசிப் பேர் ஐந்து எழுத்து. குளிர்பெட்டியிலிருந்து அட்டவணையைப் பிய்த்து வந்து மேசையில் வைத்தான். தன் பேரை எப்படிச் சுருக்கியிருப்பாள் என்று தேடினான். 'ப'வில் தொடங்கவில்லை.

முதல் எழுத்து, சா.

அடுத்தது சின்னதாக ஒரு குறி. அட்டவணையில் அதற்கு நேரே, 'ஒற்று' என்று அவள் கையெழுத்து.

மூன்றாவது, பி.

கடைசி இரண்டும் சேர்ந்து ஒரே எழுத்து. டு.

ஒருமுறை படித்தான். விரலை வைத்து மறுபடியும் படித்தான்.

பிறகு விளையாட்டை அணைக்காமல் மேசையில் வைத்தான். அடுக்குச் சட்டியின் கொக்கியை விடுவித்தான். சோறு ஆறிப்போயிருந்தது.

கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.