குடும்பத்துடன் மட்டும்

"சார், நில்லுங்க. கூட யாரு?"

பூங்கா வாசலில் காவலாளி குறுக்கே கையை நீட்டினார். சர்வேயர் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

"தனியாத்தான் வந்திருக்கேன்."

"அப்போ உள்ளே விட முடியாது. போர்டைப் பாருங்க. குடும்பத்தோட வரவங்களுக்கு மட்டும்."

"முப்பது வருஷமா வரேன்பா. நீ புதுசு, உனக்குத் தெரியாது."

"முப்பது வருஷமும் தனியாவா வந்தீங்க?"

சர்வேயர் கம்பிக் கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

"வீட்டுக்காரம்மாவைக் கூட்டிட்டு வாங்க சார். பேரன் பேத்தி இருந்தாலும் சரி. ஏன், பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கடன் வாங்கிட்டு வந்தாக்கூட நான் கண்டுக்க மாட்டேன். தனி ஆளா வந்து என் வேலைக்கு உலை வச்சிடாதீங்க."

மனைவி போய் மூன்று மாதம் ஆகிறது. மற்ற நேரத்தை எப்படியோ தள்ளிவிடுவார். சாயங்காலம் ஐந்து மணிதான் ஆளைத் தின்னும். அந்த நேரத்தில்தான் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "வரீங்களா, நான் போகட்டுமா?" என்பாள்.

பூங்காவில் ஒரு சுற்று இருநூற்றுப் பன்னிரண்டு மீட்டர். அவரே சங்கிலி பிடித்து அளந்தது. இரண்டாவது சுற்று முடிந்ததும் அவள் நின்றுவிடுவாள். "அளந்தது போதும், உட்காருங்க" என்று சறுக்குமரத்துக்கு எதிரே உள்ள சிமெண்ட் பெஞ்சைக் காட்டுவாள். யார் வீட்டுப் பிள்ளை சறுக்கி வந்தாலும் அவளுக்குக் கைதட்டியாக வேண்டும்.

அந்தப் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்காரலாம் என்றுதான் இன்று மனதைத் தேற்றிக்கொண்டு கிளம்பி வந்திருந்தார்.

"பத்தே நிமிஷம்பா."

"பத்து நிமிஷத்துக்குத் தனிச் சட்டமா சார் இருக்கு? கடைசி வரியைப் படிங்க. 'எவருக்கும் விதிவிலக்கு இல்லை.' எவனோ ஒரு கல்நெஞ்சக்காரன் எழுதி வச்சுட்டுப் போயிட்டான். நான் என்ன பண்ண?"

சர்வேயர் தலையைக் குனிந்துகொண்டார். திரும்பிப் போக ஓரடி எடுத்து வைத்தார்.

"அப்பா! கொஞ்சம் மெதுவா நடக்கக் கூடாதா? குழந்தையை இழுத்துக்கிட்டு நான் ஓடி வர வேண்டியிருக்கு!"

முப்பது வயது இருக்கும் ஒரு பெண், ஒரு கையில் சிறுமியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவர் முழங்கையைப் பற்றினாள். அவர் அவளை அதுவரை பார்த்ததே இல்லை.

காவலாளி கையை இறக்கினார். "பொண்ணு வருதுன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்."

"அவர் வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமே" என்று சொல்லிக்கொண்டே அவரை உள்ளே நடத்திக்கொண்டு போனாள்.

சிறுமி அண்ணாந்து பார்த்தாள். "அம்மா, இது எந்தத் தாத்தா?"

"பார்க் தாத்தா."

"நம்ம தாத்தா மாதிரி இவரும் செத்துப் போயிடுவாரா?"

"வாயை மூடு. போய் சறுக்கு, போ."

பெஞ்சு அப்படியே இருந்தது. சர்வேயர் தன் ஓரத்தில் உட்கார்ந்தார். பக்கத்து இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். மணல் ஒட்டியிருந்தது, தட்டிவிட்டார். சிறுமி சறுக்கி வந்து விழுந்ததும் தன்னை அறியாமல் கைதட்டினார்.

"ரொம்ப நன்றிம்மா. முன்பின் தெரியாத ஆளுக்காகப் பொய் சொல்லிட்டே."

"எங்க அப்பாவையும் இதே வாசல்ல நிறுத்தினாங்க. அம்மா போன புதுசு. மூணாவது தெரு டெய்லர் அவர். அரை மணி நேரம் உட்கார்ந்துட்டுப் போக அனுமதி கேட்டுச் சங்கத்துக்கு மனு எழுதிக் கொடுத்தார். தள்ளிட்டாங்க."

சர்வேயருக்கு அந்த மனு நினைவுக்கு வந்தது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். சீட்டாடுகிறவர்களையும் குடித்துவிட்டு வருகிறவர்களையும் விரட்டக் கொண்டுவந்த விதி அது. போர்டில் உள்ள ஒவ்வொரு வரியும் அவர் எழுதியது. டெய்லர் மேஜைக்கு முன்னால் நின்று கெஞ்சியபோது, எல்லைக்கல் நட்டே பழகிய மனுஷன், "ஒருத்தருக்காக ஓர் அடி நகர்த்தினா அப்புறம் எல்லையே இருக்காது" என்று அனுப்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் அதை மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். அவள் அன்றைக்கு மட்டும் பெஞ்சில் உட்காராமல் மூன்றாவது சுற்றும் நடந்தாள். ஏன் என்று அவர் கேட்கவே இல்லை.

இப்போது அவரால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றார்.

"ஏம்மா, இதைச் சொல்லாம நான் இங்கே உட்காரக் கூடாது. உங்க அப்பா மனுவைத் தள்ளினது நான்தான்."

"தெரியும்பா. உட்காருங்க."

"தெரிஞ்சுமா கூட்டிட்டு வந்தே?"

அவள் கம்பி வேலிக்கு அப்பால், சாலையின் எதிர்ப்பக்கம் இருந்த பஸ் ஸ்டாப்பைப் பார்த்தாள்.

"அதுக்கப்புறம் அப்பா கடைசி வரைக்கும் சாயங்காலம் அங்கேதான் வந்து உட்கார்ந்திருப்பார். நீங்க ரெண்டு பேரும் உள்ளே போறதை எனக்குக் காட்டி, 'அவரும் ஒரு நாள் தனியா வருவார்மா, அன்னைக்கு அவரை வாசல்ல நிக்க விட்டுடாதே'ன்னு சொல்லிட்டுப் போனார்."