மூன்றாவது லைனில் மேவிஸ்

"மூணாவது லைன்ல மறுபடியும் அந்தப் பொம்பளை," என்றாள் டீனா, ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து. நாள் முழுக்க போன் எடுத்துப் பழகியவள்தான், ஆனாலும் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

காத்திருக்கட்டும் என்று வெர்ன் நோவிக் கையைக் காட்டினார். தினமும் மதியம் மூன்றிலிருந்து ஆறு வரை ஊர் முழுக்க ரேடியோவில் அவரோடுதான் பேஸ்பால் சண்டை போடும். இந்த ஏப்ரலில் சண்டைக்குப் பஞ்சமே இல்லை. பதினேழு ஆட்டம், நாலே வெற்றி. ஹெரன்ஸ் அணியை நம்பி சீசன் டிக்கெட் வாங்கியவர்கள் எல்லாம் வயிறெரிந்து கிடந்தார்கள்.

அந்த வயிற்றெரிச்சல் மொத்தமும் ஆட்டத்தை நடத்தும் மேனேஜர் எம்மெட் ரோர்க்கின் தலையில்தான் விடிந்தது. அன்றைக்கு முதலில் கூப்பிட்டவர் பஸ் ஓட்டும் கஸ். முந்தின நாள் ஏழாவது இன்னிங்ஸில், பந்து வீசும் பிட்சரை மாற்றாமல் விட்ட கதையை எட்டு நிமிடம் புலம்பினார்.

"அவனை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பணும், வெர்ன். பிட்சருக்குக் கை தொங்கிப் போச்சு. என் பஸ்ல ஏறுற நர்ஸுக்குக்கூட அது தெரிஞ்சுது. இவன் அந்த நேரம் எங்க போய்த் தொலைஞ்சான்?"

"ஏப்ரல்தானேய்யா ஆகுது," என்றார் வெர்ன். "ரோட்டோரத்துல பனிகூட இன்னும் உருகலை. நூத்தி அறுபத்திரெண்டு ஆட்டம் இருக்கு, பதினேழைப் பார்த்துட்டு ஆளைத் தூக்கச் சொல்றியே. எம்மெட்டுக்கு டைம் குடுங்க."

ஊரில் ரோர்க்குக்காகப் பேசுகிற ஒரே வாய் அவருடையது. இருவரும் முப்பது வருடம் முன்பு சின்ன லீக்கில் ஒரே பஸ்ஸில் தூங்கி, ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றவர்கள். அணியின் முதலாளியும் காரில் வீட்டுக்குப் போகும்போது இந்த நிகழ்ச்சியைத்தான் கேட்பார். ரோர்க்கை எப்போது நீக்கப் போகிறீர்கள் என்று போன வாரம் நிருபர்கள் சூழ்ந்துகொண்டபோது, வெர்னே இன்னும் அவரைக் கைவிடவில்லையே என்று சிரித்துவிட்டுப் போனார். அதில் வெர்னுக்கு ஏகப்பட்ட பெருமை, மறைப்பானேன்.

கஸ் ஓய்ந்ததும் மூன்றாவது லைனை எடுத்தார்.

மேவிஸ் என்றுதான் அவள் பெயர் சொல்லியிருந்தாள். இது நான்காவது நாள். மற்றவர்களைப் போல் கத்துவதில்லை, ஒரு வார்த்தை திட்டியதில்லை. ஏழாவது இன்னிங்ஸ் வந்தால் ரோர்க் எழுந்து, ஆட்டக்காரர்களின் பெஞ்சுக்குப் பின்னாலிருக்கும் சுரங்க வழியில் தனியாகப் போய் நிற்கிறார் என்று முதல் நாள் சொன்னாள். டிவியில் அது தெரியாது. வெர்ன் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"சொல்லுங்க மேவிஸ்."

"இன்னைக்குக் காலையில நாலரைக்கு எழுந்தார். சமையலறையில விளக்குப் போடாம உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரம் அசையவே இல்லை."

இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார் வெர்ன்.

"அவரை நீக்கணும்னு நீங்க சொல்லுங்க, வெர்ன். இந்த வாரமே சொல்லுங்க. இல்லேன்னா மே மாசத்தை அவர் பார்க்க மாட்டார்."

டீனா லைனைத் துண்டித்து ஒரு டயர் விளம்பரத்தைப் போட்டாள். நிகழ்ச்சி சில விநாடி தாமதமாகத்தான் காற்றில் போகும் என்பதால் அந்தக் கடைசி வாக்கியம் ஊர் காதில் விழவில்லை. போலீசைக் கூப்பிடலாம் என்றாள் அவள்.

தோற்ற அணிக்காரன் வீட்டு ஜன்னலில் கல் விழுவது இந்த ஊருக்குப் புதிதில்லை. ஆனால் இருட்டுக்குள் நின்று ஒரு மணி நேரம் சமையலறையைப் பார்த்துக்கொண்டிருப்பது வேறு ரக வெறி. ரோர்க் இந்நேரம் மைதானத்தில் பத்திரமாக இருப்பார். வீட்டில் அவர் மனைவி தனியாக இருப்பாளே என்பதுதான் வெர்னுக்கு உறைத்தது.

ரோர்க் மறுமணம் செய்து இரண்டு வருடம் ஆகிறது. கல்யாணத்துக்கு வெர்ன் போகவில்லை, அந்தப் பெண்ணைப் பார்த்ததும் இல்லை. வீட்டு நம்பர் மட்டும் இருந்தது. நான்கு மணிச் செய்தி ஓடும்போது தன் போனிலிருந்து கூப்பிட்டார்.

"மிஸஸ் ரோர்க், நான் ரேடியோ வெர்ன் பேசறேன். முதல்ல கதவைப் பூட்டிக்கோங்க. யாரோ ஒருத்தி உங்க வீட்டை நோட்டம் விடறா."

"பூட்டித்தான் இருக்கு, வெர்ன்," என்றது மேவிஸின் குரல்.

வெர்ன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அவள் நிதானமாகவே சொன்னாள். எம்மெட்டின் இதயம் பாதிதான் வேலை செய்கிறது, இந்த வேலையை விடாவிட்டால் வாரக்கணக்குதான் என்று டாக்டர் மார்ச்சிலேயே சொல்லிவிட்டார். சுரங்க வழியில் போய் நிற்பது நாக்குக்கடியில் மாத்திரை வைக்க. வெளியே சொன்னால் உன்னோடு பேசவே மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டவர், தானாக ராஜினாமா செய்யவும் மாட்டார். அணிக்காரர்களாக அனுப்பினால்தான் வீட்டில் இருப்பார்.

வெர்ன் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

"என்கிட்டயாவது முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா. அவனைத் தூக்கக் கூடாதுன்னு ஊரோட மல்லுக்கு நிக்கறவன் நான் ஒருத்தன்தானே?"

"அதை நிறுத்தச் சொல்லித்தான் நாலு நாளா கூப்பிடறேன், வெர்ன்."